பணிபுரிந்து வந்துள்ளார்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த இதழுக்கு நான் ஒப்புக்கொண்டது ஒரு காதல் கதை. நான்கு பக்கம், நடுவில் ஒரு மழை, கடைசியில் ஒரு கல்யாணம். அதை எழுதத்தான் காலை பத்தேகாலிலிருந்து பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். காதல் வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது. அதையே எழுதிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

என் தங்கை உள்ளே இருக்கிறாள். நேர்முகத் தேர்வு. ஒன்றல்ல, இரண்டு. ஆசிரியர் வேலைக்கு அ கட்டடத்தில், நிர்வாக வேலைக்கு ஈ கட்டடத்தில். இரண்டுக்கும் ஒரே தேதி. இரண்டுக்கும் ஒரே பத்தரை மணி. இரண்டுக்கும் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "இது எப்படிங்க முடியும்?" என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "அது வேற செக்ஷன், இது வேற செக்ஷன்" என்று பதில் வந்தது.

ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் விட்டேன். உள்ளே போனதும் பாதை பிரிகிறது. இடது பக்கம் அ, வலது பக்கம் ஈ. பிரிகிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"திரும்பிப் பாக்காம போ அண்ணா."

"எந்தப் பக்கம் போறேன்னாவது சொல்லு."

"சொன்னா எழுதிடுவ. பாத்தாலும் எழுதிடுவ. போ."

வந்துவிட்டேன். ஆகவே இந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. பத்தரை ஆகிவிட்டது. இதழின் ஆசிரியருக்குப் பன்னிரண்டு மணிக்குள் கதை வேண்டும்.*

* ஓர் எச்சரிக்கை. இந்தக் கதையில் 'ஆசிரியர்' என்ற சொல் மூன்று பேரைக் குறிக்கும். பாடம் நடத்துகிறவர் ஆசிரியர். கதை எழுதுகிறவர் ஆசிரியர். அந்தக் கதையை வெட்டுகிறவரும் ஆசிரியர். மூவரில் வேலை நிரந்தரமானவர் வெட்டுகிறவர் மட்டும்தான்.

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்று.

"கடிதத்தைப் பிரித்தபோது அவளுடைய மெல்லிய விரல்கள் நடுங்—"

நடுங்கவில்லை. கடிதமே வரவில்லை. மின்னஞ்சல் வந்தது. அதுவும் குப்பைப் பெட்டியில், லாட்டரியில் பரிசு விழுந்த செய்திகளுக்கு நடுவே மூன்று நாள் கிடந்தது.

"கரும்பலகைக்கு முன்னால் அவள் ஒரு தேவதையைப் போல—"

கரும்பலகை இல்லை, வெள்ளைப் பலகை. மை தீர்ந்த மார்க்கரை உதறி உதறி எழுதுகிற தேவதையை நான் பார்த்ததில்லை. அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் ஒரு நீலக் கறை உண்டு. பதினோரு வருடமாகப் போகவில்லை.

"புள்ளியியலில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் உண்டு. அதைப் பதினோரு வருடமாக நடத்துகிற என் தங்கைக்கு—"

இது பரவாயில்லை. ஆனால் நிகழ்தகவு என்ற சொல்லைக் கண்டதும் வார இதழ் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். (நீங்கள் திருப்பவில்லை. நன்றி.)

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், எழுதறதும் அடிக்கறதுமாவே இருக்கீங்க?"

"என் தங்கச்சி கதைய எழுதறேன்."

"மேடம் கதையா? என்னைக் கேளுங்க சார், ஒப்பிக்கிறேன். பத்தாங்கிளாஸ்ல கணக்கு தொண்ணூத்தெட்டு. முனைவர் பட்டம் வாங்குனது மழைக்காலத்துல, அந்தச் சர்டிபிகேட்ல ஒரு ஈரக்கறை இருக்கும், எந்த காப்பிலயும் போகாது. ஒவ்வொரு வருஷமும் பதினாறு காப்பி. மெஷினே அவங்களைப் பாத்தா தானா சூடாகுது."

என்னைவிட நன்றாகக் கதை சொல்கிறார். பொறாமையாக இருக்கிறது.

3

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். ஆசிரியர் (வெட்டுகிறவர்) இதில்தான் கை வைப்பார். ஆனால் இது இல்லாமல் கதை புரியாது.

என் தங்கை தற்காலிக விரிவுரையாளர். அவளுக்குத் தரப்படும் நியமன ஆணை நூற்றெழுபத்தொன்பது நாளுக்கு. நூற்றெண்பதாம் நாள் வேலை கிடையாது. அதற்கு 'பிரேக்' என்று பெயர். நூற்றெண்பத்தோராம் நாள் புது ஆணை, மறுபடி நூற்றெழுபத்தொன்பது நாள். இப்படி நடுவில் ஒரு நாளை உருவிவிட்டால், யாரும் 'தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்கு' என்று கேட்க முடியாது. இதைக் கண்டுபிடித்த ஆள் தொடர்கதை எழுதப் போயிருந்தால் எங்களுக்கெல்லாம் பிழைப்பே இருந்திருக்காது. சரியான இடத்தில் 'தொடரும்' போடத் தெரிந்த ஆள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரேக் நாளிலும் கால அட்டவணையில் வகுப்பு இருக்கும். பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இவளும் போய் எடுத்துவிட்டு வருவாள். "அறுபது பேரு உக்காந்திருக்கும்போது நான் இல்லைன்னு நானே போய்ச் சொல்ல முடியுமா?" என்பாள். ஆக இந்தப் பதினோரு வருடத்தில் இருபத்திரண்டு நாள், என் தங்கை யாருமாக இல்லாமல் பாடம் நடத்தியிருக்கிறாள்.

இன்று இருபத்து மூன்றாவது பிரேக்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயது வரம்பு நாற்பத்தைந்து. ஆறு மாதத்துக்கு முன்பு விண்ணப்பித்தபோது அவளுக்கு நாற்பத்து நான்கு முடிந்து ஏழு மாதம். போன மாதம் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். இனி எந்த விளம்பரம் வந்தாலும் அவள் அதைப் படிக்கத்தான் முடியும். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இது இன்னும் தெரியாது.

4

இனிமேல் கதை. ஆறு மாதத்துக்கு முன்பு, விண்ணப்பம் முடிகிற கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். ஒரே ஒரு காகிதம் பாக்கி: பணி அனுபவச் சான்றிதழ். "நீ வீட்ல சும்மாதான இருக்க, வா" என்று என்னை இழுத்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். (நான் வீட்டில் சும்மா இல்லை. அன்று இரண்டு தொடர்கதைகளுக்கு அத்தியாயம் கொடுக்க வேண்டும். அதைச் சொன்னால், 'அதான் சும்மா இருக்கியே' என்பாள்.)

அந்தப் பிரிவில் ஓர் எழுத்தர். என் தங்கை அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'நாளைக்காரர்'. எதைக் கேட்டாலும் 'நாளைக்கு வாங்க' என்பார். இந்தச் சான்றிதழுக்கு மட்டும் பதினெட்டு 'நாளைக்கு வாங்க'. கையெழுத்துப் போட வேண்டிய துணைப் பதிவாளர் விடுப்பில் போயிருந்தார், அன்றுதான் வந்தார்.

முதல் பிரதியில் இவரை நான் வில்லனாக்கினேன். "தடித்த புருவங்களுக்குக் கீழே அவருடைய கண்கள் குரூரமாக—" என்று அரைப் பக்கம் எழுதினேன். உண்மையில் புருவம் மெலிசு. நாற்காலியின் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் பழைய வினாத்தாள் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். எழுந்து நின்று பேசினார். அப்படியும் விடாமல் வில்லனாக்கத்தான் பார்த்தேன். அவர் பேச ஆரம்பித்ததும்தான் காரியம் கெட்டது.

"டைப் பண்ணிட்டேன் மேடம். ஆனா ஒரு சின்ன சிக்கல்."

"என்ன சார் இப்ப?"

"'பணிபுரிந்து வருகிறார்'னு அடிச்சிருக்கேன். இன்னிக்குத் தேதி போட்டா அது தப்பாயிடும். இன்னிக்கு உங்களுக்கு பிரேக்."

"காலையில ரெண்டு கிளாஸ் எடுத்துட்டு நேரா இங்கதான் வரேன்!"

"எடுத்திருப்பீங்க. ஆனா நீங்க இல்ல."

"அப்ப எடுத்தது யாரு?"

"அதை நான் எப்படி மேடம் சொல்றது? பதிவேட்டுல யாரும் இல்ல."

"சரி, 'பணிபுரிந்தார்'னு போட்டுத் தொலைங்க."

"போட்டா, விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு ஆயிடும். விடுவிப்பு ஆணை எங்கன்னு கேப்பாங்க. அதை வாங்க பத்து நாள் ஆகும்."

"நேத்துத் தேதி போடுங்க."

"நேத்து துணைப் பதிவாளர் லீவு மேடம். லீவுல இருந்தவரு எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பாரு?"

"பின்ன என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

நாளைக்காரர், சொல்லக் கூசியவரைப் போல மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு வாங்க."

என் தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அது சரியான பதில். நாளைக்கு அவளுக்குப் புது ஆணை. நாளைக்கு அவள் 'பணிபுரிந்து வருகிறார்'. ஆனால் நாளைக்கு இணையதளம் இல்லை. மணி மூன்று நாற்பது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னமோ எழுத்தாளர்னு சொல்லிக்கிட்டுத் திரியற. இருபது வருஷமா ஊருக்கெல்லாம் கதை அளக்கற. எனக்கு ஒரே ஒரு வார்த்தை குடு பாப்போம். இருக்கேன்னும் சொல்லக்கூடாது, போயிட்டேன்னும் சொல்லக்கூடாது."

ஒரு தொழில் ரகசியத்தை இங்கே உடைக்கிறேன். தொடர்கதை எழுதும்போது, ஒரு பாத்திரத்தை அடுத்த மாதம் கொல்லப்போகிறோமா வைத்துக்கொள்ளப்போகிறோமா என்று எங்களுக்கே தெரியாத நேரம் உண்டு. அப்போது, 'பெரியவர் பல்லாண்டுகளாக அந்த மாளிகையில் வாழ்ந்து வந்துள்ளார்' என்று எழுதிவைத்துவிடுவோம். பிறகு வசதிப்படி பாடை கட்டலாம், பாயசமும் ஊற்றலாம்.

"'பணிபுரிந்து வந்துள்ளார்'னு போடுங்க சார்," என்றேன்.

நாளைக்காரர் அதை மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வந்து… உள்ளார். இருக்கறவரும் இல்ல. போனவரும் இல்ல. ஆனா பாருங்க, உள்ளார்னு சொல்லிடுது." அவருடைய முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. என் கதைக்கு எந்த வாசகரும் இதுவரை அப்படி முகம் மலர்ந்ததில்லை.

அடித்தார். துணைப் பதிவாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சான்றிதழை எங்களிடம் கொடுத்துவிட்டு நாளைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. இந்த வார்த்தைய நானும் எடுத்துக்கலாமா?"

"உங்களுக்கு எதுக்கு?"

"நிர்வாக வேலைக்கு நானும் போட்டிருக்கேன் சார். என் சான்றிதழ இதே குழப்பத்துல அடிக்காம வெச்சிருக்கேன். எனக்கும் இன்னிக்கு பிரேக். மேடமும் நானும் ஒரே ஆர்டர்ல வந்தவங்க, ஒரே நாளு."

அதாவது, அன்று இல்லாத ஒருவர், அன்று இல்லாத இன்னொருத்திக்கு, அவள் உண்டு என்று சான்றிதழ் அடித்துக் கொடுத்திருக்கிறார். என் தங்கை காதில் இது விழுந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கடைசியில் வந்தது சிரிப்பில் வந்த நீரா என்று நான் கேட்கவில்லை.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் ஏறியது. இரண்டு வேலைக்கும்.

5

வில்லன் போய்விட்டான். தொலைபேசி அடித்தது.

"சார், எவ்வளவு பக்கம் ஆச்சு?" ஆசிரியர் (வெட்டுகிறவர்).

"ரெண்டே முக்கால். ஒரு சின்ன மாற்றம். காதல் இல்ல. வேலை தேடற கதை."

"வேலை தேடறதா? எவ்வளவு வருஷமா?"

"பதினோரு வருஷமா."

"கிடைச்சுதா?"

"தெரியாது."

"வில்லன்?"

"இருந்தாரு. நல்லவராப் போயிட்டாரு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "வில்லனும் இல்ல, முடிவும் இல்ல. பக்கத்துல விளம்பரம் போட்டவன் என்னைக் கேப்பான் சார். பன்னண்டுக்குள்ள முடிச்சு அனுப்புங்க. சந்தோஷமா முடிங்க."

மணி பதினொன்று பத்து. வாசலில் இன்னும் யாரும் வரவில்லை.

6

நேர்முகத் தேர்வுக்கான பட்டியல் போன வாரம் வந்தது. ஆசிரியர் வேலைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டு, முப்பத்தெட்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். இருப்பது ஓர் இடம். அது யாருக்கு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். யாருக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நிர்வாக வேலைக்கும் ஓர் இடம். கூப்பிட்டிருந்தது இரண்டே பேரை.

என் தங்கை. நாளைக்காரர்.

நிர்வாக வேலைக்குப் போட்ட மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அந்த செக்ஷனின் சரிபார்ப்புக் குழு கழித்துவிட்டது. 'பணிபுரிந்து வருகிறார்' என்றிருந்தவர்களிடம், இருக்கிற இடத்திலிருந்து தடையின்மைச் சான்று இல்லை. 'பணிபுரிந்தார்' என்றிருந்தவர்களிடம் விடுவிப்பு ஆணை இல்லை. 'வந்துள்ளார்' என்றிருந்த இரண்டு பேரிடம் எதைக் கேட்பது என்று குழுவுக்குத் தெரியவில்லை. கேட்காமலே விட்டுவிட்டார்கள்.

இருபது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்தில் ஒரு வார்த்தை எங்காவது ஒரு விளைவை உண்டாக்கியது இதுதான் முதல்முறை. உண்டாக்கிய விளைவு: என் தங்கையையும், அவளுக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுத்த மனிதரையும் ஒரே நாற்காலிக்கு எதிரெதிரே நிறுத்திவிட்டேன்.

அன்று அவள் வீட்டில் பெரிய விவாதம். மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், தட்டைக்கூடக் கழுவாமல் கை காய்ந்துபோகப் பேசினார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டுல ஒண்ணு! இப்படி ஒரு வாய்ப்பு உனக்கு வந்ததே இல்ல. நீ முனைவர் பட்டம், அவரு அது இல்ல. முடிஞ்சுது கதை."

"முப்பத்தெட்டுல ஒண்ணுன்னா அது அதிர்ஷ்டம்ங்க. ரெண்டுல ஒண்ணுன்னா, அந்த இன்னொண்ணோட முகம் எனக்குத் தெரியும்."

"அவரு உன் முகத்தைப் பாத்தாரா? பதினெட்டு நாள் அலையவிட்டாரு."

"அவருக்கும் அன்னிக்கு பிரேக். வராம வீட்ல படுத்திருக்கலாம். வந்து அடிச்சுக் குடுத்தாரு."

"அப்ப பாடம் நடத்தற வேலைக்கே போ. போய் முப்பத்தெட்டுல ஒருத்தியா உக்காரு." மாப்பிள்ளைக்குக் கோபம் என்று நினைத்தேன். தட்டைக் கழுவும்போது முதுகைப் பார்த்தால் பயம் என்று தெரிந்தது. "இதான் கடைசி. ஞாபகம் வெச்சுக்க."

அவள் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? இந்த இடத்தில் ஓர் உருக்கமான வசனம் எழுதி, அடித்துவிட்டேன். உண்மையில் நான் சொன்னது: "எனக்கு நாளைக்கு அத்தியாயம் குடுக்கணும், கிளம்பறேன்."

7

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. அவள் அ கட்டடத்துக்குப் போகிறாள். முப்பத்தெட்டு பேரில் முப்பத்து மூன்றாவதாகக் கூப்பிடுகிறார்கள். நிகழ்தகவை விளக்கச் சொல்கிறார்கள். அவள் எழுந்து, பலகையில் தன் வாழ்க்கையையே கணக்காகப் போட்டுக் காட்டுகிறாள். கேட்டவர்கள் எழுந்து நின்று கை தட்டு— இல்லை. நேர்முகத் தேர்வில் யாரும் எழுந்து நிற்பதில்லை. ஒருவர் கைப்பேசியைப் பார்ப்பார், ஒருவர் பிஸ்கட்டை எடுப்பார். ஆனாலும் ஆசிரியருக்குப் (வெட்டுகிறவருக்கு) பிடித்த முடிவு இதுதான்.

இரண்டாவது முடிவு. ஈ கட்டடம். வேலை கிடைக்கிறது. குட்டைக் கால் நாற்காலியைத் தாண்டி உள்ளறைக்குப் போய் நல்ல நாற்காலியில் உட்காருகிறாள். ஒரு வருடம் போகிறது. ஒரு நாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, விரலில் நீலக் கறையோடு, அனுபவச் சான்றிதழ் கேட்டு நிற்கிறாள். என் தங்கை தேதியைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள். என்ன சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதப் பிடிக்கவில்லை.

மூன்றாவது முடிவு. இது இங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றியது. இன்று பிரேக் நாள். பத்தரைக்கு அவளுக்கு இரண்டாமாண்டு வகுப்பு உண்டு. அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். இடது பக்கமும் போகாமல், வலது பக்கமும் போகாமல், நேராக—

கடைக்காரரைக் கேட்டேன். "அந்தப் பாதையில நேரா போனா என்ன வரும்?"

"நேரா போனாவா? கிளாஸ் ரூம்தான் சார். ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன்.

8

பதினொன்று நாற்பத்தைந்து. வருகிறாள்.

தனியாகத்தான் வருகிறாள். கையில் கோப்பு. நடையை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாலையைக் கடக்கிறாள். நான் அவள் விரலைப் பார்க்கிறேன். நீலக் கறை இருக்கிறது. காலையிலும் இருந்தது. கறையை நம்பித் துப்பறிகிறவர்கள் என் தொடர்கதையில்தான் ஜெயிப்பார்கள்.

கடைக்காரர் முந்திக்கொண்டார். "வாங்க மேடம்! எப்படிப் போச்சு? அடுத்த வருஷத்துக்கும் சேத்து இப்பவே பதினாறு எடுத்து வெச்சிடட்டுமா?"

நான் கண்ணைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. என் தங்கை அவரைப் பார்த்துச் சிரித்தாள். "வேணாம் அண்ணே. இனிமே மெஷினுக்கு லீவு குடுங்க."

அது எந்த 'இனிமே'? கிடைத்ததனாலா, வயது போனதனாலா? கேட்பதற்குள் என் தாள்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். மாப்பிள்ளை தட்டுக் கழுவிய இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். மூன்று முடிவுகளுக்கு வந்ததும் என் பேனாவை வாங்கி, அடிக்கப்போய், அடிக்காமல் நிறுத்தினாள்.

"உங்க ஆசிரியர் ஒரு முடிவு சொல்றாரு. என் வீட்டுக்காரரு ஒண்ணு சொல்றாரு. நீ மூணு வெச்சிருக்க. ஆளாளுக்கு எனக்கு முடிவு போடறீங்க. வேலைதான் ஒருத்தரும் போடல."

"எந்தக் கட்டடத்துக்குப் போன? அத மட்டும் சொல்லு. பன்னண்டுக்கு அனுப்பணும்."

அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் அதைச் சொன்ன விதத்தில் கேலி இருந்ததா, பழக்கம் இருந்ததா? கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினால், வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே (வெட்டுகிறவரே), என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தை நான் தொடங்கிவைக்கிறேன். வாசகரே, வினைமுற்று உங்களுடையது. 'வருகிறார்' போடுங்கள், 'வந்தார்' போடுங்கள். 'வந்துள்ளார்' மட்டும் போட்டுத் தப்பிக்காதீர்கள். அதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன், என்ன ஆயிற்று என்று பார்த்தீர்களே.

என் தங்கை அந்தப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்து

(மாலை ஐந்து மணிக்குள்.)